‘ஏரி வியூ’ மனையும் ஏரி உள்வாயும்

மதுராந்தகம், செங்கல்பட்டு மாதிரி ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர்களில் “சென்ட் என்ன விலை போகுது?” என்று கேட்டால் புரோக்கர் ஒன்று சொல்வார், மனை போட்டவர் ஒன்று சொல்வார், பக்கத்து நிலத்துக்காரர் இரண்டையும் விடக் கூட்டிச் சொல்வார். உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதை பதிவான கைமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிலிருந்து ஓரளவு எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மனை ஏரிக்கு எந்தப் பக்கம்?

நம் ஊர் ஏரி என்பது பிறை வடிவக் கரை. தாழ்வான பக்கத்தில் மட்டும்தான் கரை இருக்கும். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும்; தண்ணீர் ஏற ஏற அந்தப் பக்கம்தான் பரவும். அதனால் ஏரியோர நிலம் நான்கு வகை. கரைக்குக் கீழே இருப்பது ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு நஞ்சை. ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே இருப்பது அந்த நீர் ஓடும் பாதை. கரையில்லாத மேட்டுப் பக்கம், தண்ணீர் வந்து போகும் இடம் உள்வாய். கரையின் இரு முனைகளுக்கும் அப்பால், நிலம் தானாகவே மேடாக இருக்கும் இடம் நான்காவது. பழைய குடியிருப்பும் கோயிலும் பெரும்பாலும் இந்த நான்காவதில்தான் இருக்கும். முன்னோர் காரணத்தோடுதான் அங்கே குடியேறினார்கள்.

‘ஏரி வியூ’, ‘லேக் சிட்டி’ என்று பலகை வைத்து விற்கும் மனைகளில் உள்வாயை ஒட்டியவை நிறைய. கரை மறைக்காததால் அங்கிருந்துதான் தண்ணீர் அழகாகத் தெரியும். மதுராந்தகம் ஏரியின் முழு நீர் உயரம் 23.3 அடி. கரை உடையாமல் காத்தவர் என்று அங்குள்ள ராமருக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். அவர் காத்தது கரையை; உள்வாயில் மனை வாங்கியவரை அல்ல.

இடம் பார்க்கச் சித்திரையில் போகாதீர்கள். அப்போது எல்லா ஏரியும் மைதானம். வடகிழக்குப் பருவமழை முடியும் கார்த்திகை, மார்கழியில் போனால் தண்ணீரே எல்லையைக் காட்டிவிடும். வெயில் காலத்தில்தான் போக முடியும் என்றால் தரையைப் பாருங்கள். மண்ணைக் கிளறினால் வெளுத்த நத்தை ஓடு வருகிறதா, நண்டு வளை இருக்கிறதா, கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வளர்ந்திருக்கிறதா? பனைமர அடியில், வேலிக் கல்லில் ஒரே உயரத்தில் சேற்றுக் கறை ஓடுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கிறது. புதிதாகக் கிராவல் அடித்த மனையில் இவை எல்லாம் மூடப்பட்டிருக்கும். அப்போது வேலிக்கு வெளியே பத்தடி தள்ளிப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. 2015, 2021 பெருமழைகளுக்குப் பிந்தைய மாதங்களின் படம் கிடைத்தால் போதும்.

அடுத்தது ஆவணம். எல்லாரும் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். ஏரியோரத்தில், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடுதான் முக்கியம். தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப்பதிவு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் கிடைக்கும். வாங்கும் எண்ணுக்கு மட்டும் எடுக்காமல், நாலாபக்கமும் உள்ள எண்களுக்கும் எடுங்கள். ‘அரசு புறம்போக்கு’ என்றும் குறிப்பில் ‘ஏரி’, ‘ஏரி உள்வாய்’, ‘வாய்க்கால்’, ‘கலங்கல்’ என்றும் வந்தால் எல்லை எங்கே முடிகிறது என்று புலப்படத்தில் பார்க்க வேண்டும். எஃப்.எம்.பி. என்று சொல்லும் அந்தப் புலப்படத்தில் அளவுகள் மீட்டரில் இருக்கும். அதில் 3 மீட்டர் வாய்க்கால் இருந்து, நிலத்தில் 1 அடி சாக்கடைதான் தெரிகிறது என்றால் மிச்சம் யாருடைய மனைக்குள் போயிருக்கிறது என்று கேளுங்கள். பல நேரம் பதில் நீங்கள் பார்க்க வந்த மனைதான்.

பட்டா இருக்கிறதே என்பார்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுப் பதிவின்போது பெயர், பரப்பு, வகைப்பாடு எல்லாவற்றிலும் தவறுகள் நேர்ந்தன. அதனால் தாலுகா அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலும் பழைய எண், புதிய எண் ஒப்பீடும் வாங்க வேண்டும். பழையதில் ஏரி, புதியதில் ரயத்துவாரி, அதாவது தனியார் நிலம், என்று இருந்தால் அந்தப் பட்டா எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். இன்னொரு வகை உள்வாய்ப் பட்டா. உண்மையான பட்டாதான், ஆனால் ஏரி நிரம்பினால் முழுகும். பயிர் வைக்கலாம், மண் அடித்து வீடு கட்ட நினைத்தால் நீர்வளத்துறை விடாது. சந்தையில் சென்ட் பாதி விலைக்குச் சுற்றுவது பெரும்பாலும் இதுதான்.

கட்டிய வீடாக இருந்தால் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, கூடவே ‘பி-மெமோ’ ரசீது என்று ஒரு கட்டு நீட்டுவார்கள். முதல் இரண்டும் உரிமை ஆவணம் ஆகாது. மூன்றாவது இன்னும் மோசம்: பி-மெமோ என்பது புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு வருவாய்த்துறை போடும் தண்டத் தீர்வை. அதைக் காட்டி விற்பவர் தன் வாயாலேயே ஆக்கிரமிப்பு என்று ஒப்புக்கொள்கிறார். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. நீர்நிலையில் எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் வரன்முறை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றின் வழக்கில் சொல்லிவிட்டது.

இவ்வளவும் தேறினால் விலைக்கு வரலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் கட்டணம் இல்லை. வாங்கும் எண்ணோடு அக்கம்பக்கத்து ஐந்தாறு சர்வே எண்களுக்கும் கடைசி மூன்று வருடம் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கே எழுதியிருக்கிறார்கள்; அந்தப் பதிவிலிருந்து உண்மை விலை தெரியாது. கைமாற்றுத் தொகை கூடுதலாக இருந்து, அதே தேதியில் அடுத்த ஆவணமாக வங்கிக்கு அடமானம் பதிவாகியிருந்தால் அது கடனில் வாங்கிய மனை. அந்தத் தொகை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வங்கி ஏலத்தில் எடுத்த விற்பனைச் சான்று கிடைத்தால் அதை அடிமட்ட விலையாக வைத்துக்கொள்ளலாம். செட்டில்மென்ட், தானம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். ஒரே மனை ஒரே வருடத்தில் மூன்று கை மாறியிருந்தால் அதையும் தள்ளுங்கள். விலையை ஏற்றிக் காட்ட அப்படிச் செய்வதுண்டு. வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று வந்தால் அரசு நிலமா, கோயில் நிலமா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

ஒப்பிடும்போது அலகு மாற்றுவதில் ஏமாந்துவிட வேண்டாம். 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, 1 ஏர் 2.47 சென்ட். ஏக்கர் விலையை 100-ஆல் வகுத்து மனையின் சென்ட் விலையோடு ஒப்பிடுவது தப்பு. மனைப் பிரிவில் சாலை போகும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் 10 சதவீதம் பொதுவெளியாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் டி.டி.சி.பி. ஒப்புதல் எண்ணும், மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் ரேரா எண்ணும் கேளுங்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லுக்கு இன்றைக்கு மதிப்பு இல்லை.

செலவைக் கூட்டும்போது மனை விலையோடு மண் விலையையும் சேருங்கள். 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட். தண்ணீர் விட்டு இடித்தால் இறங்கும் என்பதால் 45 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள்; 3 யூனிட் லாரியில் 15 நடை. கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு மனை என்றால் இன்னொரு தொல்லை: களிமண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். சாதாரணக் கடைக்கால் போட்டால் இரண்டாம் வருடம் சுவரில் மூலைவாட்டாக விரிசல் ஓடும். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அடியில் குமிழ்போல் விரியும் தூண் அடித்தளமான அண்டர் ரீம்டு பைல் போட வேண்டும். கரையின் கசிவால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் மாதங்களில் செப்டிக் டேங்க் நீர் மண்ணில் இறங்காமல் பொங்கும். காலியாக விட்ட சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, கீழிருந்து தண்ணீர் தள்ளித் தூக்கியே விடும். மழைக்காலத்தில் சம்ப்பைக் கழுவ முழுக்க இறைக்காதீர்கள்.

பதிவுச் செலவு: வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 6 லட்சம் மனைக்கு 42,000 + 12,000, ஆக 54,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதே மனைக்கு 48,000 ஆகும்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே போடுங்கள். ‘சர்வேயர் அளந்த பிறகு பரப்பு குறைந்தாலோ, நீர்வழிப் புறம்போக்கு உள்ளே வந்தாலோ முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அளக்கத் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அளக்கிற அன்று நீங்களும் பக்கத்து நிலத்துக்காரரும் அங்கே நிற்க வேண்டும். மனைக்கல்லிலிருந்து அளக்க விடாதீர்கள், அது விற்பவர் நட்டது. புலப்படத்தில் உள்ள பழைய சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளவுச் சங்கிலி போடச் சொல்லுங்கள்.