ஆகாயத்தாமரையும் மழைத்தட்டானும்

எங்கள் தெருமுனையில் ஒரு குட்டை இருக்கிறது. குட்டை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம், புதிதாக வருகிறவர்களுக்கு அது பச்சை மைதானம், கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. போன ஞாயிறு மழை விட்ட கையோடு அதன் மேல் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பால் வாங்கப் போனவன் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டுமே ஊர்சுற்றிகள். சுற்றிய விதம்தான் வேறு. ஆகாயத்தாமரைக்குச் சொந்த ஊர் அமேசான் படுகை. அந்த ஊதாப் பூவில் மயங்கி, குளத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று மனிதர்களே அதைக் கண்டம் கண்டமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்ததும் அப்படித்தான். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும் (வெங்காயத்தாமரை என்ற பேரே அதனால்தான்), கிள்ளினால் உள்ளே பஞ்சு, பஞ்செல்லாம் காற்று. வெயிலும் சாக்கடைச் சத்தும் சேர்ந்துவிட்டால் இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அப்புறம் கீழே இருக்கிற தண்ணீருக்கு வெளிச்சம் கிடையாது.

தட்டானை யாரும் தூக்கிவரவில்லை. வாண்டரிங் கிளைடர் என்பார்கள், உடம்பு நான்கரை சென்டிமீட்டர்தான். பின்சிறகின் அடி நல்ல அகலம், அதனால் அதிகம் அடிக்காமல் காற்றிலேயே மிதந்து போகும். நல்ல தண்ணீர்க் குளம் குட்டை அதிகம் இல்லாத மாலத்தீவில் வருஷா வருஷம் அக்டோபரில் இவை எங்கிருந்து வந்து இறங்குகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் வருஷக்கணக்காகக் குறித்துவைத்து, இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழி அது என்று 2009-இல் எழுதினார். போய்த் திரும்ப 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் இருக்கலாம், அதற்கு நான்கு தலைமுறை பிடிக்கும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் திரும்பி வருவது போனதின் கொள்ளுப்பேரன்!

இதற்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் மழைத்தண்ணீர். அது வற்றுவதற்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, சிறகு முளைத்தாக வேண்டும், ஒன்றரை மாதத்துக்குள்ளேயே கூட முடித்துவிடும். ஆனால் வாலால் தொட்டு முட்டையிட, வானம் தெரிகிற தண்ணீர் வேண்டுமே. எங்கள் குட்டையில் ஒரு கையகலம் கூட இல்லை.

ஒரு ஜோடி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் வந்தது. அங்கே நின்ற கறுப்புக் காரின் பானெட்டில், அப்போதுதான் துடைத்துப் பளபளவென்று இருந்தது, வாலால் தட்டியது. எழும்பியது. மறுபடி தட்டியது.


ஆறு தடவை எண்ணினேன்.