350 பிளாக்கில் 400 கிராங்க்

பல இன்ஜின்களின் பாகங்களைக் கலந்து ஒரு இன்ஜின் கட்ட உட்காரும்போது சர்வீஸ் மேனுவலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதில் இருக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்த பாகங்களுக்கானவை. வேறு வேறு இன்ஜின்களின் பாகங்கள் சேரும்போது அவற்றில் பாதி செல்லும், பாதி செல்லாது. எந்தப் பாதி என்பது அளந்தால்தான் தெரியும்.

பழைய செவ்ரோலே கார்களுக்குப் பலரும் கட்டும் 383 வி8 இதற்கு நல்ல உதாரணம் (350, 400, 383 எல்லாம் கன அங்குலக் கொள்ளளவைக் குறிக்கும் பெயர்கள்). 350 இன்ஜினின் பிளாக்கில் சிலிண்டர்களை 0.030 அங்குலம் ரீபோர் செய்து அகலப்படுத்தினால் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4.030 அங்குலமாகும். அதில் 400 இன்ஜினின் கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48-லிருந்து 3.75 அங்குலமாகும். கொள்ளளவு 383 கன அங்குலம், ஏறக்குறைய 6.3 லிட்டர். காகிதத்தில் அவ்வளவுதான்.

கிராங்க் அப்படியே உட்காராது. 400-இன் மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்கில் தங்கிச் சுழலும் பகுதி) 2.65 அங்குலம், 350 பிளாக்கில் இருப்பது 2.45-க்கான இடம். விட்டத்தில் 0.200 குறைத்துக் கிரைண்டிங் செய்ய வேண்டும். இங்கே அளவைவிட முக்கியம், ஜர்னலின் பக்கமூலையில் விடும் ரேடியஸ், அதாவது வளைவு. கல்லைக் கூர்மையாக இறக்கி மூலையைச் சதுரமாக்கிவிட்டால் கிராங்க் அங்கிருந்துதான் விரிசல் விடும். ரேடியஸ் தாராளமாக இருந்தால் பேரிங் ஓரம் அதில் உரசாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்பக்க ஆயில் சீலும் கவனிக்க வேண்டியது: 400 கிராங்க் இரண்டு துண்டு சீலுக்கானது. 1986-லிருந்து பிளாக்குகள் ஒரே துண்டு சீலுக்கு மாறிவிட்டன. அதற்கு முந்தைய பிளாக்கைத் தேடுவது தலைவலியைக் குறைக்கும்.

அடுத்தது பிஸ்டன் உயரக் கணக்கு. கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை 9.025 அங்குலம். ஸ்ட்ரோக்கில் பாதி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் நீளம், பிஸ்டனின் பின் மையத்திலிருந்து தலைவரை உள்ள உயரம், மூன்றும் கூடி இதற்குள் அடங்க வேண்டும். 350-இன் 5.7 அங்குல ராடும் அதன் 1.56 உயரப் பிஸ்டனும் இருந்தால் 1.875 + 5.7 + 1.56 = 9.135. பிஸ்டன் 0.110 அங்குலம் வெளியே எட்டிப் பார்க்கும், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இடிக்கும். 400-இன் குட்டை ராடு 5.565 போட்டால் சரியாக 9.000 வரும். ராடு குறைந்த 0.135-ம் ஸ்ட்ரோக் கூடியதில் பாதியும் ஒன்றுதான். மலிவாகக் கட்டுகிறவர்கள் இந்த வழியில் போவார்கள். ஆனால் ராடு குட்டையாக ஆக, அது சாயும் கோணம் கூடிப் பிஸ்டன் சுவரை அழுத்தும். கீழே வரும்போது பிஸ்டன் ஓரம் கிராங்கின் எதிரெடைக்கு மிக அருகில் வரும். 5.7 ராடும் 1.425 உயரப் பிஸ்டனும் வாங்கக் கூடுதல் செலவு ஆகும். ஆனாலும் அதுதான் சரியான வழி.

இனிதான் உண்மையான வேலை. ரிங் மாட்டாமல், சீல் போடாமல், எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே கூட்டிப் பார்க்க வேண்டும். ராடு போல்ட் இப்போது ஆரத்தில் 3.4 மி.மீ. பெரிய வட்டம் அடிக்கிறது. முதலில் இடிப்பது சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) மாட்டும் விளிம்பின் உட்புறமும் சிலிண்டரின் அடிவிளிம்பும். இடிக்கும் இடத்தில் மார்க்கர் பூசி, கையால் கிராங்கை மெல்லச் சுற்றினால் ‘டிக்’ என்று தட்டும். தேய்ந்த இடத்தில் மை போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் கிரைண்டரால் எடுத்து 0.060 அங்குல இடைவெளி விடலாம். கை தாராளமானால் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் ஓட்டையாகிவிடும், பிளாக் போச்சு.

ராடு போல்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலும் உரசலாம். இதைப் பார்க்க, கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் மாட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் கேம் லோப் (கேமின் மேடு) எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே இடைவெளி. கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, எட்டு ராடையும் பார்க்க வேண்டும். பிறகு கேம் டைமிங்கைச் சில டிகிரி மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பிஸ்டன் உச்சியில் மட்டும் பார்த்தால் போதாது. உச்சிக்குப் பத்து டிகிரி பின்னால் இன்டேக் வால்வும், பத்து டிகிரி முன்னால் எக்ஸாஸ்ட் வால்வும்தான் மிக அருகில் வரும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றி, வெட்டி அளந்தால் இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 அங்குலமாவது இருக்க வேண்டும்.

கம்ப்ரஷன் விகிதமும் (காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) தானாக ஏறும். ஹெட்டைத் தொடாவிட்டாலும் ஒவ்வொரு சிலிண்டரும் 717 சிசி-க்குப் பதில் 784 சிசி காற்றை அதே இடத்தில் அடைக்கிறது, 8.5 இருந்தது சுமார் 9.2 ஆகிவிடும். சாதாரண பெட்ரோலில் ஓட்ட நினைப்பவர் இதைப் பிஸ்டன் வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது பேலன்ஸில். 350-க்கு கிராங்கிலேயே பேலன்ஸ் முடிந்துவிடும். 400-க்கு முன்னே இருக்கும் டாம்பரும் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்னே இருக்கும் ஃபிளைவீலும் அதில் பங்கு வகிக்கும். 350-இன் டாம்பர் கச்சிதமாக உட்காரும், போல்ட்டும் பொருந்தும், இன்ஜின் ஸ்டார்ட்டும் ஆகும். நடுக்கத்தில் மெயின் பேரிங் தேய்ந்த பிறகுதான் தெரியும். 400-இன் டாம்பரும் ஃபிளைவீலும் மாட்டியிருந்தாலும், ராடும் பிஸ்டனும் புதுசு என்பதால் அந்த எடைக்கேற்ப மொத்தத்தையும் பேலன்சிங்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

மற்றவை வழக்கமான வேலை: மெயின் பேரிங் கிளியரன்ஸ் 0.0025 அங்குலம், ரிங் இடைவெளி 0.016. ஃபிளாட் டாப்பெட் கேம் (டாப்பெட் உருளை இல்லாமல் நேரே லோப்பில் உரசும் வகை) என்றால் துத்தநாகம் உள்ள ஆயில் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, வால்வை அழுத்தும் ராக்கர் வரை ஆயில் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். பற்றியதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, இருபது நிமிடம் கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். ஆறியதும் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கலாம். சாம்பல் தூள் கொஞ்சம் இருந்தால் அது ரிங் படிவது. செம்பு நிறம் மின்னினால் பேரிங் தேய்கிறது, சம்ப்பை இறக்க வேண்டியதுதான்.