குளிர் ஏறும் பலகைத் தரை: முன்னறையில் இதுவரை நடந்த வேலை

லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் கீழ்த்தளத் தரை மண்ணின்மேல் நேராக உட்கார்ந்திருக்காது. சுவருக்குச் சுவர் ஜாய்ஸ்ட் என்னும் மரச்சட்டங்கள் ஓடும். அவற்றின்மேல் பலகை, கீழே ஒன்றரை இரண்டு அடிக்கு வெற்றிடம். மரம் உளுத்துப்போகாமல் இருக்க அந்த வெற்றிடத்துக்குள் காற்று ஓட வேண்டும் என்று முன்சுவரிலும் பின்சுவரிலும் ஏர்பிரிக் என்னும் துளையுள்ள செங்கல் பதித்திருப்பார்கள். ஆக, ஜனவரியில் நாம் காலடி வைக்கும் பலகைக்குக் கீழே இருப்பது தெருவில் வீசும் அதே குளிர்காற்றுதான். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் கணுக்காலுக்குக் கீழே சில்லென்று இருப்பதன் காரணம் இதுவே.

எங்கள் முன்னறையில் இதைச் சரிசெய்ய இறங்கினேன். எதையும் பிரிக்கும் முன் ஊதுபத்தியை வைத்து ஒரு சோதனை செய்தேன். காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுவிட்டு, பத்தியைத் தரையோரமாக நகர்த்தினேன். பலகை இடுக்குகளில் புகை லேசாக ஆடியது. சுவரோர ஸ்கர்டிங் பலகையின் அடிக்குக் கொண்டுபோனதும் புகை அப்படியே படுத்து அறைக்குள் ஓடியது. வேலையின் வரிசையை முடிவுசெய்தது அந்தப் புகைதான். சூட்டைத் தக்கவைக்கும் இன்சுலேஷன் எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்வி. கீழே இருக்கும் காற்று மேலே வரக் கூடாது, ஆனால் கீழே அது தடையில்லாமல் ஓட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் வீடும் நிற்கும், காலும் கதகதப்பாக இருக்கும்.

பலகைகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் பின்புறமும் சாக்கட்டியால் எண் போட்டுக்கொண்டேன். பழைய பலகைகள் ஒரே அகலமாக இருப்பதில்லை. இடம் மாறினால் திரும்பப் பொருந்தாது. பழைய ஆணிகளுக்கு அடியில் கடப்பாறையை மெதுவாகக் கொடுத்து நெம்பினால் பலகை பிளக்காமல் வரும்.

திறந்ததும் இன்சுலேஷனைத் தொடவே இல்லை. முதலில் ஈரம் பார்த்தேன். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும். ஈரமானியின் ஊசிகளை ஒவ்வொரு சட்டத்திலும், முக்கியமாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளில் குத்திப் பார்த்தேன். இன்சுலேஷன் போட்டபின் அந்த நுனிகள் இன்னும் குளிரும். அதனால் இப்போதே ஈரமாக இருந்தால் மேலே மூடுவது ஆபத்து. எல்லாம் வரம்புக்குள் இருந்தது. முன்பக்க ஏர்பிரிக்கில் பாதியைப் பூச்செடி மண் மூடியிருந்தது, வெட்டி எடுத்தேன். பின்பக்கம்தான் கவலை. சமையலறையை நீட்டிக் கான்கிரீட் போடும்போது பல வீடுகளில் பின்புற ஏர்பிரிக்கை அடைத்துவிடுவார்கள், அதோடு காற்றோட்டம் செத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை, கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் விட்டு வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டுதலில் இதற்குக் கணக்கு உண்டு: சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1500 சதுர மில்லிமீட்டர் திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500, இரண்டில் எது அதிகமோ அது. மரத்துக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்க வேண்டும்.

எதைப் போடுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. கெட்டியான ஃபோம் அட்டையை இந்தப் பழைய சட்டங்களுக்கு நடுவே இடுக்கில்லாமல் வெட்டிப் பொருத்துவது பெரும்பாடு, ஒரு சட்டம்கூட நேராக இல்லை. ஸ்ப்ரே ஃபோம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். மரத்தை மூடி ஒட்டிக்கொண்டால் பிறகு அது உளுக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. பஞ்சுபோல இருக்கும் மினரல் வூல் வாங்கினேன். கோணலுக்குத் தக்கபடி அமுங்கி நிற்கும், நாளை கழற்றவும் முடியும். ஒரு தரையில் பாதிக்கு மேல் புதுப்பித்தால் அதன் யு-மதிப்பு, அதாவது சூடு எவ்வளவு கசிகிறது என்பதன் அளவு, 0.25க்குள் வர வேண்டும் என்பது இங்குள்ள விதி. எங்கள் சட்டங்களின் ஆழம் 150 மில்லிமீட்டர். அதை முழுக்க நிரப்பினால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது.

வெற்றிடம் தவழ்ந்து போகும் அளவுக்கு உயரமில்லை, எனவே எல்லாம் மேலிருந்துதான். நீராவியை வெளியே விடும், காற்றை விடாத மெம்பிரேன் துணியைச் சட்டங்களின்மேல் விரித்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே தூளி கட்டுவதுபோல இறக்கி, பக்கவாட்டில் ஸ்டேப்ளர் அடித்தேன். வூலை அதற்குள் வைத்தேன். வெறும் வலையிலும் வூல் நிற்கும்தான். ஆனால் கீழே ஓடும் காற்று அதன் இழைகளுக்குள் புகுந்து சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் துணி. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

மின்வயர்களை வூலுக்குள் புதைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் அவற்றின் தாங்குதிறன் குறையும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாய்களுக்கு உறை போட்டேன். இனிமேல் மேலிருந்து கசியும் சூடு கிடைக்காது என்பதால் அடியிடம் முன்னைவிடக் குளிரும், குழாய் உறைய வாய்ப்புண்டு.

நான் அதிகம் மெனக்கெட்டது சுவரோரத்தில். ஸ்கர்டிங்கைக் கழற்றினால் பூச்சு தரைவரை வருவதே இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு வெறும் செங்கல், இடையிடையே கலவை உதிர்ந்த ஓட்டைகள், சட்டம் சுவருக்குள் போகும் இடத்தில் விரல் நுழையும் சந்து. பத்திப் புகையைத் தள்ளிய காற்று வந்த வழி இதுதான். செங்கல்லைத் தூரிகையால் தட்டிச் சுத்தம்செய்து, நனைத்து, சுண்ணாம்புக் கலவையை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டேன். வெறும் செங்கல்லில் டேப் ஒட்டாது. ஒட்டினாலும் தூசியோடு உரிந்து வரும். அப்புறம் வூலுக்கு மேலே, அறைப்பக்கமாக, ஈரக்காற்று இறங்காமல் தடுக்கும் இன்னொரு மெம்பிரேனை விரித்து, அதன் ஓரத்தைப் பூசிய சுவரில் டேப் போட்டு, மூலைகளில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அதற்குமேல் பலகை, அதுவும் ஆணியில்லாமல் ஸ்க்ரூ போட்டு. சாளரத்தின் அடியில் இரண்டு பலகைகளை மட்டும் எளிதாகத் தூக்கும்படி விட்டிருக்கிறேன், ஈரமானிக்காக.

ஒரு எச்சரிக்கை. அறையில் விறகடுப்போ, புகைபோக்கியோடு இணைந்த கேஸ் அடுப்போ எரிந்தால், எரிவதற்கு வேண்டிய காற்றைக் கணக்குப் பார்க்காமல் இடுக்குகளை அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். எங்கள் அடுப்பு எப்போதோ அகற்றப்பட்டுவிட்டது.

அறை 19 டிகிரியில் இருக்கும்போது பலகையின்மேல் முன்பு 14 காட்டிய அகச்சிவப்பு வெப்பமானி இப்போது 17க்கும் மேல் காட்டுகிறது. அம்மா இப்போது அங்கே காலுறை இல்லாமல் உட்காருகிறார். பழைய அடுப்பு மேடைக்கு முன்னால் உள்ள கல் மட்டும் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. அதன் அடியில் மண் நிரப்பியிருப்பதால் அதை நான் தொடவில்லை. அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் நடைவழி. அங்கே தண்ணீர், கேஸ் குழாய் இரண்டும் ஒரே சட்டத்தின் ஓரமாகப் போகின்றன, கேஸ் ஆளை வரவழைத்துப் பார்த்த பிறகே பலகையைத் தூக்கப் போகிறேன். அதுவரை மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு பலகைகளைத் தூக்கிச் சட்ட நுனிகளில் ஊசி வைத்துப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது 16 சதவீதம்.