வியேச்னிட்சா: சுவர் திரும்பியது, நூலகம் திரும்பவில்லை

போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில், மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் நிற்கும் வியேச்னிட்சா என்ற பழைய நகர மன்றத்தின் படத்தை முதலில் கண்டபோது எனக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான் நினைவுக்கு வந்தது. அது வெறும் பிரமையன்று. 1878இல் போஸ்னியாவைக் கைப்பற்றிய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, அந்நாட்டுக்குப் பொருந்தும் 'கீழைத்தேய' பாணி எதுவென்று தானே முடிவு செய்தது. கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் விட்டெக் கெய்ரோவில் மம்லூக் சுல்தான்கள் காலத்து மசூதிகளைப் பார்த்து வந்து வரைந்த மன்றம் 1896இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஆங்கிலேயர் சென்னையில், உயர் நீதிமன்றம் போன்ற, இந்திய, இஸ்லாமிய பாணிகளைக் கலந்த இந்தோ-சாரசனிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான்கு நூற்றாண்டு ஒட்டோமான் துருக்கியர் ஆட்சி சரயேவோவில் விட்டுச்சென்ற மசூதிகளுக்கும் இந்த மன்றத்துக்கும் உறவு மிகக் குறைவு. மன்றம் கட்டுவதற்காகத் தன் வீட்டை விட்டுக்கொடுக்க மறுத்த ஒருவர், அதைக் கல் கல்லாகப் பெயர்த்து எதிர்க்கரையில் கட்டித்தரச் சொன்னதாக ஊரார் சொல்வார்கள். அவ்வீட்டுக்கு இன்றும் 'வீம்பு வீடு' என்றுதான் பெயர்.

ஆட்சியாளர்களின் அந்தக் கட்டடத்தை ஊர்மக்களுடையதாக ஆக்கியவை புத்தகங்களே என்பது என் எண்ணம். 1949இல் அது தேசிய, பல்கலைக்கழக நூலகமாயிற்று. 1992 ஆகஸ்டு 25ஆம் தேதி இரவு, போஸ்னியப் போரில் நகரை முற்றுகையிட்டிருந்த போஸ்னிய செர்பியப் படைகள் குன்றுகளிலிருந்து எறிகணை வீசி அதை எரித்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அச்சாம்பல் நகரெங்கும் பறந்ததைக் கண்டவர்கள் சொல்லும்போது, 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஓலைச்சுவடிகளை நினைக்காமலிருக்கத் தமிழரால் இயலாது.

போருக்குப் பின் சீரமைப்புக்கு முதலில் உதவ முன்வந்தவர்களுள் ஆஸ்திரியாவும் ஒன்று. பழைய நிறங்களும் செதுக்கு வேலைப்பாடுகளும் பெருமுயற்சியுடன் மீட்கப்பட்டு, 2014 மே 9 அன்று கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. கைவினைஞர்களின் திறமையில் குறை காண ஏதுமில்லை. ஆனால் மீட்கப்பட்டது 1896ஆம் ஆண்டின் தோற்றம். மாணவர்கள் மேசைகளில் குனிந்து படித்துக்கொண்டிருந்த நாற்பது ஆண்டுகள் அதில் இடம்பெறவில்லை. யாழ்ப்பாணத்திலோ, எரிந்த இடம் மறுபடியும் நூலகமாகவே எழுந்தது. வியேச்னிட்சா இன்று நகராட்சியின் விழா மண்டபமாகவும் காட்சிக்கூடமாகவும் விளங்குகிறது. பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கி, வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். தேசிய நூலகத்தின் நூல்களைத் தேடுவோர், முன்பு படைமுகாமாக இருந்து இப்போது பல்கலைக்கழக வளாகமாகிவிட்ட வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.