தட்டுக்கு ஏத்த பேட்டரி

"ஏனுங்கண்ணா, பன்னெண்டு வோல்ட் போட்டுட்டா சட்டுனு ஸ்டார்ட் ஆயிருமில்லீங்க?"

பொள்ளாச்சி ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் இன்று காலை. தாத்தாவின் மோரிஸ் எய்ட் காரை ஓட வைக்கத் துடிக்கிறான் அந்தப் பையன்.

மிஸ்திரி உடனே பதில் சொல்லவில்லை. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேட்டரி தட்டின் அளவுக்கு வெட்டி, உள்ளே இறக்கிப் பார்த்தார். நீளம், அகலம் சரி. அப்புறம் உயரம். டெர்மினல் இரும்பு மூடியில் பட்டால் ஷார்ட்தான் என்று விரலை வைத்துக் காட்டினார்.

1930-களின் வண்டி அது. ஆறு வோல்ட், மூன்றே செல். பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்தால் பல்பெல்லாம் போய்விடும்.

ஆறு வோல்ட்டில் 36 வாட் பல்புக்கு 6 ஆம்பியர் வேண்டும்; பன்னிரண்டில் 3 போதும். அதனால்தான் பழைய வண்டிகளில் வயர் அத்தனை தடிமன். பாதிப் பேர் இதைக் கவனிக்காமல் மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் முனகினால் பேட்டரியைத் திட்டுகிறார்கள்.

ஆம்பியர்-அவரும், அதாவது பேட்டரியின் கொள்ளளவும், கண்டபடி ஏற்றக் கூடாது. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது சின்ன டைனமோ; இறங்கிப்போன பெரிய பேட்டரியை நிரப்ப அதற்கு வெகுநேரம் ஆகும். பக்கத்து ஊருக்குப் போய்வரும் ஓட்டத்தில் நிரம்பாது. அரைச் சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படியும்.

டைனமோ, வயர், பல்பு, பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கோவை அவிநாசி ரோடு கார் மியூசியத்துக்குப் போனால் பெயின்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

ஆறு வோல்ட் பேட்டரிக்குச் சொல்லிவைக்க வேண்டுமாம். "வர்றதுக்குள்ள ஸ்டார்ட்டர் கேபிளை மாத்தீரலாம் கண்ணு" என்றார் மிஸ்திரி.