ஒன்பதரை மணிக் கதையும் ஒரு விடுதலைப் பத்திரமும்

2023 ஆகஸ்ட் 21, திங்கள்

இன்று காலை என்னுடைய பத்திரம் எழுதும் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து, வெளியே போட்டிருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கணவருடைய தம்பி ஒரு வெற்று முத்திரைத்தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாராம். வீடு அவருடைய பெயரில் இருக்கிறது. இந்நேரம் அது கைமாறியிருக்குமா என்று கேட்டார். "சீரியல்ல அப்படித்தானேங்க வருது, கையெழுத்துப் போட்டா போச்சுன்னு" என்று சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது.

வீட்டை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டுமானால் எழுதிக் கொடுப்பவரோ அவருடைய முறையான முகவரோ சார்பதிவாளர் முன்னால் ஆஜராக வேண்டும் என்பதையும், அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுக்கப்படும் என்பதையும், அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதையும் அவருக்கு விளக்கினேன். வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தை வேறு விதத்தில் தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதால், உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் போட்டுப் பார்த்ததில் வீடு அவர் பெயரிலேயே இருந்தது. அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பத்தொன்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். அதைவிட அதிக ஆண்டுகளாகத் தொடர் பார்க்கிறேன். இரண்டும் இப்படி ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததை இன்றுதான் பார்த்தேன். ஆகவே இதைப் பற்றித் தொடர்ந்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 26, சனி

நேற்று வரலட்சுமி நோன்புக்குத் திருச்சியிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். பூஜை முடிந்து, வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பி, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, இரவு ஒன்பதரை மணிக்கு வழக்கம்போல் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' தொடர் பார்க்க உட்கார்ந்தோம். மாமியார் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மறுநாளைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கதையில் வீட்டையே அதட்டி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரன் கூடத்தில் வந்து நின்றால் மாமியாரின் விரல்கள் காம்பின் மேலேயே நின்றுவிடும்; குணசேகரன் பேசி முடித்து உள்ளே போன பிறகுதான் அடுத்த இலை உதிரும்.

நாத்தனார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விளம்பர இடைவேளையில், குணசேகரன் வீட்டு மருமகள்கள் நால்வரைப் பற்றி அவர் ஆரம்பித்தார். "ஈஸ்வரி படிச்சவ, ரேணுகா படிச்சவ, நந்தினி படிச்சவ, ஜனனி படிச்சவ. நாலு பேரும் சேர்ந்து ஒருத்தன் முன்னாடி கைகட்டி நிக்கிறாங்கன்னா யார் நம்புவா?" என்பது அவருடைய வாதம். மாமியார் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ உங்க மாமியார் முன்னாடி எம்.எஸ்ஸி.ன்னு சொல்லிக்கிட்டா நிக்கிறே?" என்று கேட்டார். நாத்தனார் பதில் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவும் எங்களோடு பார்ப்பவர். அவருக்கு நம்பும்படி இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. அடுப்படியில் நந்தினி நக்கலாகப் பேசுவதைக் கேட்டால் நாள் முழுவதும் மிஷினில் குனிந்த முதுகுவலி போய்விடுகிறது என்கிறார். அதற்கு மேல் அந்தக் கதையிடம் அவர் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. இதைக் குறைவான ரசனை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வீட்டுப் பெண்கள் நால்வரும் அடுப்பங்கரையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதும், கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வதும் எங்கள் பெரியப்பா வீட்டில் நான் கண்ணால் பார்த்தவை. 2002இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஓடிய 'மெட்டி ஒலி' தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தை நம்பியதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அசைவுகளால்தான்.

ஆனால் ஓர் இடத்தில் நான் நாத்தனாரின் பக்கம். சில மாதங்களுக்கு முன்னால் கதையில் குணசேகரனின் தங்கை ஆதிரையின் கழுத்தில் கரிகாலன் கட்டாயமாகத் தாலி கட்டினான். கட்டிய நொடியிலேயே அவள் வாழ்க்கை முடிந்துவிட்டதுபோல் அந்த வீடு முழுவதும் நடந்துகொண்டது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, வற்புறுத்திச் சம்மதம் வாங்கி நடத்திய திருமணத்தை நீதிமன்றத்தின் மூலம் செல்லாததாக்க வழி தருகிறது. வற்புறுத்தல் நீங்கிய ஓராண்டுக்குள் மனுப்போட வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அந்த வீட்டிலிருக்கும் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், கதை நின்றுபோயிருக்காது. நீதிமன்றத்துக்குப் போவதா வேண்டாமா என்று ஆதிரை தவிப்பதையே ஒரு மாதம் காட்டியிருக்கலாம். அதற்கும் நாங்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்போம்.

2023 ஆகஸ்ட் 29, செவ்வாய்

கைரேகையைப் பற்றி எழுத வேண்டும்.

தொடர்களில் சொத்தைப் பறிக்கும் காட்சி ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. மயங்கிக் கிடப்பவரின் கட்டைவிரலை யாரோ பிடித்து மைப்பெட்டியில் அழுத்துவார்கள், தாளில் உருட்டுவார்கள், பின்னணியில் இசை இடிக்கும், மறுநாள் வீட்டுக்காரர்கள் தெருவில் நிற்பார்கள். இன்று பதிவு அலுவலகத்தில் எனக்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, மகளுக்குத் தன்னுடைய அரை ஏக்கரைத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க வந்திருந்தார். கருவியில் விரலை வைத்தார், ரேகை விழவில்லை. இடது கையை வைத்தார், விழவில்லை. ஐம்பது ஆண்டுகள் நாற்றுப் பறித்தும் நட்டும் அறுத்தும் அந்த விரல் நுனி கூழாங்கல்போல் வழவழப்பாகிவிட்டது. உதவியாளர் ஈரத்துணி கொடுத்தார். பாட்டி அதை வாங்காமல், முந்தானையில் விரலை அழுந்தத் தேய்த்துவிட்டு, வாயருகே கொண்டுபோய் ஊதி, மறுபடியும் வைத்தார். ஐந்தாவது முறை விழுந்தது. அதற்குள் சார்பதிவாளர் அவரைப் பார்த்து, யாருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டுவிட்டார். "கடைசிவரைக்கும் சோறு போட்டவளுக்குக் குடுக்குறேன்யா" என்றார் பாட்டி. வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

இந்தக் காட்சியில் எந்த எழுத்தாளரும் சேர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. தொடர் எழுதுபவர்கள் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் விறுவிறுப்புக் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்போலும். எனக்கென்னவோ அந்த ஐந்து முயற்சிகளுக்குள்தான் விறுவிறுப்பு முழுவதும் இருந்தது. 'எதிர்நீச்சல்' தொடரில் அந்த வீட்டு மூதாட்டி அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவீதச் சொத்துப் பங்கு ஜீவானந்தம் என்பவரின் கைக்குப் போன கதையை நான் ஒருநாள் விடாமல் பார்த்தேன். நடிகை பாம்பே ஞானம் அந்த அப்பத்தாவாக உட்கார்ந்திருக்கும் தோரணைக்காகவே பார்த்தேன். பத்திரம் கைமாறும் இடம் வந்தபோது மட்டும் என்னுடைய மனம் கதையை விட்டு வெளியே வந்துவிட்டது. எந்த அலுவலகம், யார் சாட்சி, பிரிபடாத பங்கா பிரித்த பங்கா என்று கேள்விகள் வரிசையாக எழுந்தன. ரசிப்பு என்பது அந்தக் கேள்விகள் எழாத நேரம்தான் என்றால், எனக்கு அன்று அரை மணி நேரம் கெட்டுப்போனது. மாமியாருக்குக் கெடவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

2023 செப்டம்பர் 8, வெள்ளி

ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இன்று காலை காலமானார். இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து, மருத்துவமனைக்குப் போயும் காப்பாற்ற முடியவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். தேனி மாவட்டம் பசுமலைத்தேரியில் பிறந்து, உதவி இயக்குநராக நெடுங்காலம் உழைத்து, 2008இல் 'கண்ணும் கண்ணும்', 2014இல் 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கியவர். ஊருக்கெல்லாம் அவரைத் தெரிய வைத்தது இந்த ஒன்பதரை மணிதான்.

தையல்கார அக்கா மதியமே மிஷினை மூடிவிட்டு வந்துவிட்டார். இத்தனை நாளும் "இவன் வெளங்குவானா" என்று திரையைப் பார்த்துக் கையை நெரித்தவர், "பாவம், நல்ல மனுஷன்" என்று விசும்பினார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. "இந்தாம்மா ஏய்" என்று அந்த மனிதர் கூடத்திலிருந்து குரல் கொடுக்கும்போதெல்லாம் முறத்தில் நின்றுபோன விரல்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். ஒரு கொடுமைக்காரனை அவர் கத்தாமல், துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் பக்கம் முழு நியாயம் இருப்பதாக நம்பும் ஒருவராக நடித்தார். அதனால்தான் நம்பினோம். தான் செய்வது அநியாயம் என்று குணசேகரன் ஒருநாளும் நினைக்கவில்லை. நாங்கள் பார்த்து வளர்ந்த வீட்டுப் பெரியவர்களும் அப்படி நினைத்ததில்லை.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

2023 செப்டம்பர் 20, புதன்

குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று கதையை நகர்த்துகிறார்கள். இறந்துபோன நடிகருக்காகப் பாத்திரத்தை அவசரமாகக் கொல்லாமல் இருப்பது மரியாதையாகவே படுகிறது. ஆனால் அந்தக் கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. நாத்தனார் தொலைபேசியில், "அவர் இல்லாம அந்தப் பொண்ணுங்க ஏன் இன்னும் அந்த வீட்டுலயே இருக்காங்க?" என்று கேட்டார். பிள்ளைகளின் படிப்பு, போக இடமில்லாத பிறந்த வீடு, ஊர்ப்பேச்சு என்று நான் சொன்னேன். எதிர்முனையில் அவர் வெகுநேரம் கழித்துத்தான் "ம்" என்றார்.

2023 அக்டோபர் 14, சனி

வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்து சில நாட்களாகிவிட்டன. அவருடைய மீசையும் குரலும் வேறு. அதட்டலும் வேறு மாதிரி. ஒரே மனிதர் இன்னொரு முகத்தோடு வீட்டுக்குள் வருகிறார், பெற்ற தாய் விசாலாட்சியும் கட்டிய மனைவி ஈஸ்வரியும் வித்தியாசமே தெரியாததுபோல் பேசுகிறார்கள். இதைவிட நம்ப முடியாதது எந்தத் தொடரிலும் வராது. ஆனாலும் நானும் மாமியாரும் முதல்நாள் சற்றுத் தடுமாறியதோடு சரி, மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டோம். தையல்கார அக்காவுக்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை. அவர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்.

இன்று தொடர் முடிந்து தொலைக்காட்சியை நிறுத்திய பிறகு, மாமியார் தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணிப்பையில் சுற்றிய ஒரு நகல் பத்திரத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். இருபது ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறேன். தினமும் ஊரார் பத்திரங்களைப் படிக்கிறேன். அப்படி ஒன்று அந்தப் பெட்டியில் இருப்பது எனக்குத் தெரியாது. 1992ஆம் ஆண்டு எழுதிய விடுதலைப் பத்திரம். மாமியார் தன்னுடைய அப்பா இறந்த பிறகு தனக்குச் சேர வேண்டிய பங்கை அண்ணன்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார். பத்திரம் மிக ஒழுங்காக இருந்தது. நான்கு எல்லைகள், சாட்சிகள், பதிவு எண், "என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்" என்ற வாசகம், ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய ரேகை.

"யாராவது மிரட்டுனாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"யாரு மிரட்டுவா? அண்ணன் காரு வெச்சிக் கூட்டிட்டுப் போச்சி. அண்ணி பட்டுப்புடவை எடுத்துக் குடுத்துச்சி. கறிச்சோறு போட்டாங்க. அங்கன உக்காந்திருந்தவரு சம்மதம்தானேம்மான்னு கேட்டாரு. தலைய ஆட்டுனேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிச்சிச் சொல்லல."

சார்பதிவாளர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். சாட்சிகள் வந்திருக்கிறார்கள். மயக்க மருந்தும் இல்லை, அடியாளும் இல்லை. நான் ஆகஸ்ட் மாதம் எழுதி வைத்த நடைமுறைகள் ஏறக்குறைய அத்தனையும் நடந்தேறியிருக்கின்றன. அப்பத்தாவின் பங்கு போனபோது எந்த அலுவலகம், யார் சாட்சி என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே அரை மணி நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்தக் காரையும் பட்டுப்புடவையையும் நினைத்து அழுதிருக்கிறார்.

"இப்ப படிச்சிச் சொல்லு" என்றார்.

கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். அவர் முறத்தை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சொத்து விவரத்தில் கிணற்றடிப் பாகமும் அதை ஒட்டிய இரண்டு தென்னையும் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தத் தென்னைகளில் ஒன்றைத் தான்தான் வைத்ததாகவும், எட்டு வயதில் குடம் சுமந்து அதற்குத் தண்ணீர் ஊற்றியதாகவும் சொல்லிவிட்டு, மேலே படி என்றார்.