அம்மா கூமுட்டைன்னு சொன்ன எட்டு முட்டை

பிப்ரவரி 24, திருப்பாதிரிப்புலியூர்
சேவல் போச்சு. ராத்திரி நாய் கூண்டு வலைய பிச்சிடுச்சு. பெட்டை மட்டும் முருங்கை மரத்துல ஏறி தப்பிச்சிருக்கு.

மார்ச் 8
பெட்டை அடைக்கு உக்காந்துடுச்சு. எட்டு முட்டை, எல்லாமே சேவல் போன பிறகு போட்டது, பென்சில்ல தேதி எழுதி வச்சிருக்கேன். அம்மா "சேவல் இல்லாம எங்கடா குஞ்சு, அத்தனையும் கூமுட்டை, அடைய கலைச்சி விடு"ங்கறாங்க. குரும்பாபேட்ல கால்நடை மருத்துவம் படிக்கிற அக்கா பொண்ணு "சேவலோட விந்தணு ரெண்டு வாரம் தாங்கும் மாமா, வை"ன்னா. கோழி வயித்துக்குள்ள குட்டிக் குட்டி குழாய் இருக்காம், விந்தணு அதுல தங்கி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுமாம்.

மார்ச் 9
அக்கா பொண்ணு வந்திருந்தா, விந்தணு எப்படி முட்டைக்குள்ள போகுதுன்னு சொன்னா. மஞ்சக்கரு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்குல்ல, அதுல இருக்கற புரதத்துல சர்க்கரை சங்கிலி தொங்குதாம். நாம டீல போடற சர்க்கரை இல்ல மாமான்னு முதல்லயே சொல்லிட்டா (எனக்கு சுகர் 180, அந்த பயம் அவளுக்கு). அந்த சங்கிலியோட நுனிய விந்தணு அடையாளம் பிடிச்சாதான் அதோட தலையில இருக்கற தொப்பி வெடிச்சி, உள்ள இருக்கற என்சைம் தோல்ல ஓட்டை போடும். லேப்ல அந்த சங்கிலிய வெட்டி எடுத்துட்டா ஓட்டை விழறது குறைஞ்சிடுதாம். விந்தணு மேலயும் ஒரு சர்க்கரை பூச்சு இருக்கு, பேரு சியாலிக் ஆசிட், அது போச்சுன்னா அந்த குழாய் வரைக்கும்கூட போய் சேராது. எனக்கு ஆச்சரியமே வேற, கோழில ஒண்ணு இல்ல, பல விந்தணு ஓட்டை போட்டு உள்ள போகும், ஆனா முட்டையோட உட்கருவோட சேர்றது ஒண்ணுதான். இதெல்லாம் மஞ்சக்கரு சூலகத்துல இருந்து விழுந்து கால் மணி நேரத்துக்குள்ள முடியணும், அப்புறம் மேல இன்னொரு தோல் மூடிடும், வெள்ளைக்கரு ஓடு எல்லாம் அதுக்கு பிறகுதான்.

மார்ச் 15
கரண்ட் போன நேரமா பார்த்து டார்ச் அடிச்சேன். அஞ்சுல சிலந்தி மாதிரி செவப்பு நரம்பு. மூணு வெறும் வெளிச்சம், மூணுமே கடைசி மூணு தேதி போட்டது. அம்மாவ கூப்ட்டு காட்டினேன், "ம்"னாங்க.

மார்ச் 29
நாலு பொரிஞ்சிடுச்சு, ஒண்ணு ஓட்டுக்குள்ளயே செத்துடுச்சு. அம்மா நொய்யரிசி போட்டுட்டு இருக்காங்க, கூமுட்டை பேச்சே இல்ல. நாளைக்கு மஞ்சக்குப்பம் போய் நல்ல கம்பி வலையா வாங்கணும்.